ஐந்தரைக் கட்டையில் ஊளையிடும் கிட்டார்: மேடைக்கான பிக்கப் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

பாடகியின் சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். கிட்டார்க்காரர் முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி, ஜி வடிவத்தில் வாசிக்கிறார். ஆறாம் தந்தியில் அவர் பிடிக்கும் ஆதார சட்ஜம் 103.8 ஹெர்ட்ஸ். அவர் மடியில் இருப்பது டிரெட்நாட் என்ற பெரிய பெட்டி வகைக் கிட்டார். அந்தப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் காற்று தானாக அதிரும் இடமும் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ்தான். பாட்டு எங்கே போனாலும் சட்ஜத்துக்குத் திரும்பி வரும். வரும்போதெல்லாம் பெட்டி பொங்கும். அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் அதைக் கேட்டு, வாசிப்பவரை நோக்கிய ஸ்பீக்கரான மானிட்டருக்கு அனுப்பும், மானிட்டர் பெட்டியை மறுபடி ஆட்டும், இரண்டு சுற்றில் மண்டபம் முழுக்க ஊளை. சவுண்டுக்காரர் கிட்டாரின் ஃபேடரை இறக்குவார். அதன்பிறகு பார்வையாளர்களுக்குக் கிட்டார் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது.

இங்கே வரும் குழு ஒரு மாதிரி. சிங்கப்பூரில் பாடகி, கிட்டார், தபேலா என்று மூவராகவோ, புல்லாங்குழல் சேர்த்து நால்வராகவோ வாசிக்கும் மெல்லிசைக் குழுக்களிடம் திரும்பத் திரும்பக் காணும் நிலைமையை ஒரே குழுவின்மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம்.

குழு வாசிக்கும் இடங்கள் மூன்று வகை. முதலாவது, சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபம்: வழவழப்பான தரை, வெறுஞ்சுவர், குளிர்சாதனம், தரையில் இரண்டு மானிட்டர். இரண்டாவது, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் கீழ்த்தளம்: தாழ்ந்த கான்கிரீட் கூரை, தூண்கள், குழுவே தூக்கி வரும் ஒற்றைத் தூண் ஸ்பீக்கர். அதன் சின்ன மிக்ஸரில் கிட்டாருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய். மூன்றாவது, ஒழுங்கான மேடை, டிஜிட்டல் மிக்ஸர், அதை இயக்கத் தனி ஆள். இந்த மூன்றாவது வகை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும். பிக்கப் விளம்பரங்கள் எல்லாம் அந்த மூன்றாவது வகை மேடையை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பிக்கப் தோற்றுப்போவதோ முதல் இரண்டில்.

கிட்டாரில் ஏற்கெனவே இருந்தது

தந்திகள் பூட்டியிருக்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே, பெட்டியின் உட்புறம் உள்ள கெட்டிப் பலகையில் ஒட்டிய மூன்று பீசோ (அழுத்தத்தை மின்சாரமாக்கும் பொருள்) வட்டுகள். கே அண்ட் கே நிறுவனத்தின் ப்யூர் மினி இந்த வகையில் பெயர்பெற்றது. பேட்டரி கிடையாது, குறிப்பை முன்கூட்டியே வலுப்படுத்தும் ப்ரீஆம்ப் கிடையாது, ஒயர் நேராக வால்முனை ஜாக்குக்குப் போகும். வீட்டில், சின்ன ஆம்பில் கேட்டால் மயக்கிவிடும். மரத்தின் கதகதப்பு அப்படியே வரும். காரணம், இந்த வட்டுகள் மேல்பலகையின் அசைவையே படிக்கின்றன. மேடையில் இதே குணம்தான் எதிரியாகிறது. மேல்பலகையைத் தந்தி ஆட்டினாலும், மானிட்டர் ஆட்டினாலும், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தபேலாவின் அடி ஒலி முழவான பாயா ஆட்டினாலும் வட்டுக்கு எல்லாம் ஒன்று.

எனவே இந்த வட்டுகள் மோசமான பொருள் என்று முடிவுகட்டத் தேவையில்லை. அவற்றை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதே கேள்வி.

முதலில் நோய் அறிதல்

பிக்கப் மாற்றுவதற்கு முன் பெட்டியின் சொந்த அதிர்வை அளந்தாக வேண்டும். ஆறு தந்திகளையும் துணியால் அடக்கி, கைப்பேசியில் அலைவரிசை காட்டும் செயலியைத் திறந்து, ஒலித்துளையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பிரிட்ஜை விரல்நுனியால் தட்டினால் போதும். செயலியில் எஃப்எஃப்டி அளவை (ஒரு தடவைக்கு அலசும் மாதிரிகளின் எண்ணிக்கை) 16,384க்கு உயர்த்தி வைக்கவும், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் அப்போதுதான் 2.7 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். அதைவிடச் சிறிய அளவில் வைத்தால் ஜி எது, ஜி ஷார்ப் எது என்று பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் இடைவெளி 6 ஹெர்ட்ஸ்கூட இல்லை.

டிரெட்நாட்டில் பொதுவாக முதல் மேடு 90க்கும் 110க்கும் இடையில் வரும். அது காற்றின் அதிர்வு. இரண்டாவது மேடு 180 முதல் 220 வரை. அது மேல்பலகையின் அதிர்வு. இந்தக் கிட்டாரில் முதல் மேடு 103ஐ ஒட்டி நின்றது. கேபோவைக் கழற்றி, வெறும் ஜியில் வாசித்தால் ஆதார ஸ்வரம் 98; பொங்கல் குறைகிறது. கேபோவை இரண்டாம் ஃப்ரெட்டுக்கு ஏற்றினால் 110, அப்போதும் குறைகிறது. ஐந்தரைக் கட்டையில் மட்டும் உச்சம்.

சரி, கேபோவை மேலே ஏற்றி வேறு வடிவத்தில் வாசித்தால் தப்பலாமே என்று தோன்றும். நான்காம் ஃப்ரெட்டில் கேபோ வைத்து ஈ வடிவம் பிடித்தால் ஆதார ஸ்வரம் அதே 103.8தான், ஒரு பயனும் இல்லை. ஆறாம் ஃப்ரெட்டில் கேபோவும் டி வடிவமும் என்றால் சட்ஜம் ஒரு ஸ்தாயி மேலேறி 207.7க்குப் போகும். அது இரண்டாவது மேட்டுக்கு அருகில் போய் உட்கார்கிறது. கிட்டாரின் கனமும் போய்விடுகிறது. சுருதி பாடகியின் தொண்டைக்குச் சொந்தம். அதில் கிட்டார்க்காரர் கை வைக்க இடமில்லை.

நோய் அறியும்போது வேறொன்றும் அகப்பட்டது. சுருதிக்காகக் கைப்பேசித் தம்பூரா ஒன்று மிக்ஸரில் இணைந்திருந்தது. அது கிட்டார்க்காரரின் மானிட்டரிலும் ஓடியது. தம்பூராவின் மந்திர சட்ஜம் இடைவிடாமல் அதே 103.8ஐ ஒலித்துக்கொண்டிருக்கும். கிட்டார்க்காரர் கையை எடுத்தபிறகும் பெட்டி முனகிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான். தம்பூரா சேனலில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அதைக் கிட்டார் மானிட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாடகிக்குச் சுருதி காதருகே கேட்டால் போதும். அதற்கு அடி ஒலி தேவையில்லை. இதற்குச் செலவு எதுவும் இல்லை. பிக்கப் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் இதைச் செய்து பார்க்காதவர்களே அதிகம்.

பணம் செலவழிக்காத மற்ற வழிகள்

ஒலித்துளையை அடைக்கும் ரப்பர் மூடி வட்டுகளோடு நன்றாக வேலை செய்யும், காற்றதிர்வை அமுக்கிவிடும். ஆனால் மைக்கின் முன் கிட்டாரைப் பிடிக்கும்போது ஓசை செத்துவிடும். துளையில் காந்தப் பிக்கப் உட்காரப் போகிறது என்றால் சாதாரண மூடிக்கு இடமும் இல்லை.

மானிட்டரை இடம் மாற்றுவது அடுத்தது. சிங்கப்பூர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். 104 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாதி அலை சுமார் 1.7 மீட்டர். ப்ரீஆம்பில் உள்ள, அலையைத் தலைகீழாக்கும் துருவமாற்றுப் பொத்தானை அழுத்துவது, அந்த அதிர்வெண்ணைப் பொறுத்தவரை, மானிட்டரை 1.7 மீட்டர் தள்ளி வைப்பதற்குச் சமம். நெருக்கடியான சின்ன மேடையில் அவ்வளவு தூரம் எங்கே நகர்வது? பொத்தான் நகரும். சவுண்ட் செக்கில் இரண்டு நிலையிலும் கேட்டுவிட்டு, ஊளை தாமதமாக வரும் நிலையில் விட்டுவிட வேண்டும். மண்டபம் மாறினால் மறுபடி கேட்க வேண்டும். ஓர் இடத்துக்குப் பொருந்தியது மற்ற இடத்துக்குப் பொருந்தாது.

இவ்வளவும் செய்தபின் கீழ்த்தள நிகழ்ச்சிகள் சமாளிக்கும் அளவுக்கு வந்தன. மண்டபத்தில் தபேலா துரிதகாலத்தில் போகும்போது மானிட்டரை உயர்த்த வேண்டியிருந்தது, ஊளை திரும்பியது. அதற்குமேல்தான் பிக்கப் தேர்வு.

மூன்று மாற்றுகள், மூன்று விதமான தொல்லை

ஸேடிலுக்கு (பிரிட்ஜின்மேல் தந்திகளைத் தாங்கும் மெல்லிய துண்டு) அடியில் வைக்கும் பீசோ. கடையில் விற்கும் எலெக்ட்ரோ அகூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஃபிஷ்மனின் மேட்ரிக்ஸ், எல்.ஆர். பேக்ஸின் எலிமென்ட் இந்த வகை. தந்தி ஸேடிலை அழுத்தும் விசையையே அதிகம் படிப்பதால் பிரிட்ஜ் வட்டுகளைவிட ஊளை குறைவு. பலமாக அடித்து வாசித்தால் பிளாஸ்டிக் தட்டில் தட்டுவதுபோல ஒரு 'க்வாக்' ஓசை வரும். கிட்டார்க்காரர்கள் அதை அப்படியே 'க்வாக்' என்றே சொல்கிறார்கள்.

இதைப் பொருத்துவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிக்கப் ஒரு மில்லிமீட்டர் அளவு கனம். அந்த அளவுக்கு ஸேடிலின் அடியைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாள் ஒட்டி, ஸேடிலைச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்க்கவும். கையில் பிடித்துத் தேய்த்தால் அடி உருண்டுவிடும். உருண்ட அடியின் ஓரங்கள் பிக்கப்பைத் தொடாது. முதல் தந்தியோ ஆறாம் தந்தியோ ஊமையாகிவிடும். ஸேடில் பள்ளத்தின் அடியும் சமமாக இருக்க வேண்டும். ஸேடில் பள்ளத்தில் விரலால் தள்ளினால் இறங்கும்படி இருக்க வேண்டும், சாயக்கூடாது. இறுக்கமாக இருந்தால் தந்தியின் அழுத்தம் பக்கச் சுவர்களில் நின்றுவிடும், பிக்கப்புக்குப் போகாது.

ப்ரீஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்கு ஒயர் இழுத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். பீசோ ஒரு கொள்ளளவி. அது போய்ச் சேரும் இடத்தின் உள்ளீட்டு மின்மறுப்போடு சேர்ந்து, அடி ஒலியை வெட்டும் வடிகட்டியாகிவிடும். பிக்கப்பின் கொள்ளளவு 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 மெகாஓம் உள்ளீட்டில் 16 ஹெர்ட்ஸிலிருந்து மேலே எல்லாம் கிடைக்கும். 1 மெகாஓமில் 159 ஹெர்ட்ஸிலேயே சரிவு தொடங்கிவிடும். வாடகை சவுண்ட் பெட்டிகளில் கிடைக்கும் பேட்டரியில்லாத டிஐயின் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) 140 கிலோஓமில் சரிவு 1,137 ஹெர்ட்ஸில். மிக்ஸரின் 10 கிலோஓம் லைன் உள்ளீட்டில் 16 கிலோஹெர்ட்ஸில். அதாவது கொசு ரீங்காரம் மட்டும். 'பிக்கப் சரியில்லை' என்று கழற்றி எறியப்படும் பீசோக்களில் எத்தனை உண்மையில் தவறான டிஐக்குப் பலியானவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் குழுவுக்கு இவ்வகை ஏன் ஒத்துவரவில்லை? இங்கே வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். கிட்டாருக்கு ஏற்றது 45 முதல் 55 வரை. உலர்பெட்டியில் வைத்த கிட்டாரை எடுத்து வந்து கீழ்த்தளத்தில் இரண்டு மணிநேரம் வாசித்தால், காலப்போக்கில் மேல்பலகை ஊறிப் புடைக்கும், தந்தி உயரும். அதைச் சரிக்கட்ட ஸேடிலைத் தேய்க்கத்தான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். இந்தக் கிட்டாரின் ஸேடில் ஏற்கெனவே தாழ்வு. இன்னொரு மில்லிமீட்டர் எடுத்தால் பிரிட்ஜுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மிகக் குறைந்துவிடும். துரிதப் பாட்டுகளில் வரும் 'க்வாக்' இரண்டாவது காரணம்.

பெட்டிக்குள் வைக்கும் மைக், அல்லது வெளியே கிளிப்பில் மாட்டும் மைக். ஓசைக்கு இதற்கு இணை இல்லை. டிபிஏ 4099 போன்ற கிளிப் மைக்குகளை வயலின்காரர்கள் விரும்புவதும் அதனால்தான். ஆனால் தபேலா இரண்டடியில். கிட்டார் சேனலைத் திறந்தால் தபேலாவும் சேர்ந்து வரும், அதுவும் சற்றே தாமதமாக. தபேலாவின் கூர்மை மழுங்கிவிடும். பீசோவையும் மைக்கையும் கலந்து தரும் அமைப்புகள் அடி ஒலியைப் பீசோவுக்கு விட்டுவிட்டு, மேல் ஒலியை மட்டும் மைக்கிடம் கொடுத்து இதைச் சமாளிக்கின்றன. தனியாக வாசிப்பவருக்கு அது அருமையான வழி. தாளவாத்தியத்தோடு நெருக்கி உட்காருபவருக்கு அரைகுறை.

ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப். இது எஃகு அசைவதை மட்டுமே பார்க்கும். மேல்பலகை எவ்வளவு ஆடினாலும், தந்தி அதற்கேற்ப ஆடும் அளவுக்குத்தான் அதற்குத் தெரியும். ஆகவே ஊளைக்கு மிகத் தாமதமாகவே இடம்கொடுக்கும். எல்.ஆர். பேக்ஸின் எம்80 போன்ற சில மாதிரிகள் வேண்டுமென்றே பெட்டியின் அதிர்வையும் உணரும்படி செய்யப்பட்டவை. அவற்றின் ஓசை இனிது. ஆனால் இந்தக் குழுவின் சிக்கலுக்கு அது வந்த வழியே திரும்பிப் போவதாகும். சாதாரண, இரட்டைச் சுருள், பேட்டரியில்லாத காந்தப் பிக்கப்பே இங்கு தேவை. இரட்டைச் சுருள் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் வைத்தால் விளக்கு மங்கலாக்கிகளுக்கும் மின்மாற்றிகளுக்கும் அருகில் 50, 100 ஹெர்ட்ஸில் உறுமும்.

குறைகளும் உண்டு. பெட்டியைத் தட்டி வாசிப்பது கேட்காது. நைலான் தந்தியோடு வேலையே செய்யாது. பாஸ்பர் பிரான்ஸ் தந்தியில் மேலே சுற்றியிருக்கும் வெண்கலத்துக்குக் காந்தத்தோடு உறவில்லை. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி மட்டுமே கணக்கு. முதல் இரண்டு தந்திகளோ முழுக்க எஃகு. அதனால் அவை இரண்டும் எகிறிக்கொண்டு கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓசை கொஞ்சம் எலெக்ட்ரிக் கிட்டார்போல இருக்கும்; எண்பதுகளின் பாட்டுகளில் வரும் விரல் மீட்டலை அதில் வாசித்தால் மரம் எங்கே என்று காது தேடும்.

எடுத்த முடிவு

இரண்டையும் வைத்துக்கொள்வது. காந்தம் அடி ஒலிக்கும் மானிட்டருக்கும். ஏற்கெனவே இருக்கும் வட்டுகள், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டப்பட்டு, பார்வையாளர் பக்கத்து ஸ்பீக்கருக்கு மட்டும். வட்டுகளிடமிருந்து 103ஐயும் 200ஐயும் பறித்துவிட்டால் எஞ்சுவது விரல் உராய்வும் மரத்தின் மூச்சும். அவ்வளவே அவற்றிடம் கேட்கிறோம்.

பேட்டரியுள்ள காந்தப் பிக்கப்பைத் தவிர்த்ததற்கு ஓசை காரணமல்ல, ஜாக் காரணம். பேட்டரியுள்ள அமைப்புகளில் ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையம் பெரும்பாலும் பேட்டரியை இயக்கும் ஸ்விட்சாகப் பயன்படுகிறது. அந்த வளையத்தில் வட்டுகளின் ஒயரைக் கொண்டுவர முடியாது. தனி ஸ்விட்ச் உள்ள ஜாக் தேட வேண்டும். பேட்டரி இல்லையென்றால் நுனி காந்தத்துக்கு, வளையம் வட்டுகளுக்கு, உடல் இரண்டின் தரைக்கும். ஈரக்காற்றில் மறந்துபோன 9 வோல்ட் பேட்டரி கசிந்து பெட்டியைக் கெடுக்கும் கவலையும் போகிறது.

நுனியில் காந்தத்தை வைத்தது வேண்டுமென்றே. கீழ்த்தளத்தில் ஒற்றை வாய் மிக்ஸரில் சாதாரண மோனோ ஒயரைச் செருகினால் வளையம் தரையோடு சேர்ந்துவிடும். வட்டுகள் தானாக அடங்கும், காந்தம் மட்டும் ஒலிக்கும். ஊளைக்கு எதிரான பிக்கப்பே அங்கு வேண்டியது. மாற்றி இணைத்திருந்தால் அங்கு போய்ச் சேருவது வட்டுகளின் பொங்கல்.

பொருத்துதல்

ஒலித்துளை விட்டம் சுமார் 100 மி.மீ. வாங்கும் முன் பிக்கப்பின் நீளத்தோடு அதன் ஆழத்தையும் பாருங்கள். உள்ளே குறுக்குச் சட்டங்கள் இடிக்கக்கூடாது. கவ்வும் திருகுகளைக் கையிறுக்கத்துக்கு மேல் கால் சுற்றுக்கூட முறுக்க வேண்டாம். துளை ஓரத்தில் மேல்பலகை மெல்லியது, அழுத்தினால் விரிசல்.

வால்முனைத் துளைக்கு 12 மி.மீ. அளவு வேண்டும். பழைய மோனோ ஜாக் இருந்த துளையே பொதுவாகப் போதும். ஜாக் மட்டும் ஸ்டீரியோவாக மாறும். ஜாக், கவசம் போட்ட ஒயர், ஒயர் பிடிப்பான்கள் இவற்றைச் சிம் லிம் டவரில் சில வெள்ளிக்கு எடுக்கலாம். ஈயம் வைக்கும்போது வட்டுகளின் ஒயரில் சூடு நிற்கவிடக் கூடாது. தொட்டதும் எடுக்க வேண்டும். ஒயரைப் பக்கச் சுவரோடு பிடிப்பான் போட்டு ஒட்டவும். தொங்கவிட்டால் ஏதோ ஒரு ஸ்வரத்தில் பின்பலகையில் தட்டி 'ஸ்ஸ்' என்று அதிரும். அதை ஃப்ரெட் பழுது என்று நினைத்து ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

வட்டுகள் மூன்றும் உறுதியாக ஒட்டியிருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். ஆறு-ஐந்து, நான்கு-மூன்று, இரண்டு-ஒன்று என்று தந்தி ஜோடிகளுக்கு நடுவே, ஸேடிலுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். தந்தியின் உருண்டை முனை அவற்றைத் தொடக்கூடாது. ஏதாவது ஒரு ஜோடி மெலிந்து கேட்டால் அந்த வட்டு விளிம்பில் எழும்பியிருக்கும். பழைய பசையைச் சுரண்டி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹால் துணியால் துடைத்து, கூழ்வகைச் சூப்பர் குளூவால் ஒட்டவும். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகும். இங்கே அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பிடித்துவிடும். இடத்தைப் பென்சிலால் குறித்து, பசை இல்லாமல் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டே தொடவும்.

பிக்கப்புக்கும் தந்திக்கும் இடைவெளி, கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்த நிலையில் சுமார் 3 மி.மீ. திருகக்கூடிய முனைகள் இருந்தால் இரண்டாம் தந்தியின் முனையை முதலில் இறக்கவும்; பெரும்பாலும் அதுவே தொல்லைக்காரன். பிறகு முதல் தந்தி. இந்தச் சரிபார்ப்பைக் குளிர்சாதன அறையில் செய்துவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போய் வித்தியாசமாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். குளிரிலிருந்து வெளியே கொண்டுவந்த கிட்டாரின் உலோகத்தில் நீர் படியும். கிட்டார் உறையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவிட்டு, பிறகு சுருதி கூட்டவும்.

பிக்கப் இரண்டும் ஒரு ஸ்டீரியோ ஒயர் வழியாக இரண்டு சேனல் ப்ரீஆம்புக்குப் போகின்றன. கிரேஸ் டிசைனின் ஃபீலிக்ஸ், ஹெட்வேயின் இடிபி-2 போன்றவை இதற்கென்றே செய்தவை. எது வாங்கினாலும் இரண்டு உள்ளீடும் குறைந்தது 1 மெகாஓம், ஒவ்வொரு சேனலுக்கும் தனித் துருவமாற்று, அடிவெட்டு, ஒரு குறுகிய அதிர்வெண் பகுதியை மட்டும் வெட்டும் நாட்ச் வடிகட்டி இருக்க வேண்டும். நாட்ச் கிட்டார்க்காரரின் கையிலேயே இருப்பது முக்கியம்; மண்டபத்துச் சிறிய மிக்ஸர்களில் அடி ஒலிக்கு 80 ஹெர்ட்ஸில் நிலையான ஒரே திருகுதான் இருக்கும். அதைக் குறைத்தால் சட்ஜத்தோடு சேர்ந்து எல்லாம் மெலியும்.

பொருத்தியபின் வந்த கோளாறுகள்

முதல் ஒத்திகையில் இரண்டையும் சேர்த்துத் திறந்தபோது ஓசை தடிப்பதற்குப் பதில் மெலிந்தது. இரண்டும் எதிரெதிர்த் துருவத்தில் இருந்தன. தனித்தனியே கேட்டால் இது தெரியவே தெரியாது. சேர்த்துத் திறந்து, வட்டுச் சேனலின் துருவத்தை மாற்றி மாற்றி, 150 முதல் 300 வரையான பகுதி எப்போது நிறைகிறது என்று காதால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, மண்டபத்தில் யாரோ உதவி செய்யப் போய் ஸ்டீரியோ ஒயரை மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகிவிட்டார்கள். அது சமநிலை உள்ளீடு. நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். காந்தத்திலிருந்து வட்டைக் கழித்தால் என்ன வருமோ அதுதான் வந்தது: தகரடப்பா. ஒயரின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, 'ப்ரீஆம்புக்கு மட்டும்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியபின் அது மறுபடி நடக்கவில்லை.

மூன்றாவது தொல்லை எல்இடி திரை. திரைக்கு முன்னால் ஓர் அடியில் நின்றால் இரட்டைச் சுருளும் இரையும். கிட்டாரின் தலையைத் திரையை நோக்கித் திருப்பினாலோ இரண்டடி முன்னே வந்தாலோ அடங்கிவிடுகிறது. சவுண்ட் செக்கில் விளக்கும் திரையும் எரிந்தால்தான் இது தெரியும். அணைத்துவிட்டுச் செய்யும் சவுண்ட் செக்கை நம்பாதீர்கள்.

மேடையில் வரிசை

காந்தத்தை மட்டும் திறந்து மானிட்டரில் தேவையான அளவுக்கு ஏற்றவும். ஊளை தொடங்கும் வரை இன்னும் ஏற்றி, நாட்சை 104ஐச் சுற்றி மெதுவாக உருட்டி, ஊளை அடங்கும் இடத்தில் நிறுத்தி, 6 டெசிபல் இறக்கி, மானிட்டரைப் பழைய அளவுக்குக் கொண்டுவரவும். நாட்ச் குறுகலாக இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் பக்கத்து அடி ஸ்வரங்களும் போகும். அதன்பிறகு வட்டுகளைப் பார்வையாளர் பக்கம் மட்டும் திறந்து, 'இப்போது மரம் கேட்கிறது' என்ற இடத்தில் விடவும். வட்டுகள் மானிட்டரில் வேண்டும் என்று கிட்டார்க்காரர் கேட்பார். கொடுக்கக்கூடாது.

விருத்தம் பாடும்போது தபேலா கைகட்டி இருக்கும். அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மட்டும் வட்டுகளை 3 டெசிபல் ஏற்றலாம். அந்த இடத்தில்தான் கிட்டாரின் உண்மையான குரலைக் கேட்க ஆளும் அமைதியும் இருக்கிறது.

வேறு யாருக்கு வேறு என்ன

இந்த ஏற்பாடு எல்லாருக்கும் பொருந்தாது. எந்த மேடையில் எந்த ஒயர் கிடைக்கும் என்றே தெரியாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு ஸேடில் பீசோவும் உள்ளமைந்த ப்ரீஆம்பும்தான் சரி. செருகினால் வேலை செய்யும். பெட்டியைத் தட்டித் தாளம் போடும் தனிக் கலைஞருக்கு வட்டுகளோ, மைக் கலந்த அமைப்போ இல்லாமல் முடியாது. நைலான் தந்திக்குக் காந்தம் என்ற பேச்சே இல்லை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைக்குப் போனால் அங்கே ஆம்பில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். அறை அமைதி, மானிட்டர் கிடையாது, பக்கத்தில் தபேலா கிடையாது. கடைக்காரர் அனுமதித்தால் கிட்டாரை ஆம்புக்கு எதிரே ஒரு மீட்டரில் பிடித்து, கேபோ போட்டு, உங்கள் சட்ஜத்தை அடித்துப் பாருங்கள். அந்த ஒரு ஸ்வரம் எந்த ஒலியளவில் பொங்குகிறது என்பதை வைத்துத்தான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இன்னும் ஒன்று தீரவில்லை. துளையில் பிக்கப் உட்கார்ந்ததும் திறப்பு சற்றுச் சிறுத்தது. திறப்பு சிறுத்தால் காற்றதிர்வும் கொஞ்சம் கீழே இறங்கும். ஐந்தரைக் கட்டைக்கு அது நல்லதாயிற்று. ஆனால் குழுவில் சில நிகழ்ச்சிகளுக்கு ஐந்து கட்டையில் பாடும் இன்னொரு பாடகி வருகிறார். அவருடைய சட்ஜம் 98, மேடு இப்போது அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. ப்ரீஆம்பின் நாட்ச் திருகைச் சுற்றி வெள்ளை டேப்பில் இப்போது இரண்டு கோடுகள்: ஒன்றில் '5', மற்றதில் '5½'. பாடகி மாறும்போது கேபோவோடு சேர்த்துத் திருகையும் மாற்ற வேண்டும்.